கரையில் நின்று துடுப்புப் பழகுவது: ஸ்டாண்ட் அப் பேடலிங் தரைப் பயிற்சி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகைமேல் நின்றபடி நீளத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிப் போகும் ஸ்டாண்ட் அப் பேடலிங்குக்கு உடம்பைத் தரையிலேயே எப்படித் தயார் செய்வது? சில வருடங்களாக என்னோடு சேர்ந்து பயிற்சி எடுப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரில் இறங்கினால் தானாக வந்துவிடாதா? தரையில் எதற்குப் பழக வேண்டும்?

நிற்கவும் போகவும் வந்துவிடும். ஆனால் புதிதாக ஏறியவருக்கு, விழாமல் இருப்பதிலேயே முழுக் கவனமும் போய்விடும். அந்த நேரத்தில் உடம்பு தனக்குச் சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் கையால் இழுப்பது. நிமிடத்துக்கு 40 வீச்சு என்று நிதானமாகப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் 2,400 வீச்சு ஆகிறது. தவறான அசைவை அத்தனை தடவை செய்தால் அதுதான் பழக்கமாகும்.

தரையில் விழும் பயம் இல்லை. ஓர் அசைவைப் பாதியில் நிறுத்தி, இடுப்பு எங்கே இருக்கிறது, தோள் காதை நோக்கி ஏறிவிட்டதா என்று பார்க்கலாம். தண்ணீர் அந்த அவகாசத்தைத் தராது.

கையில் வலு இருந்தால் போதும்தானே? தினமும் புஷ்-அப் எடுக்கிறேன்.

நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் வருடம் முழுக்க புஷ்-அப்பும் டம்பெல்லும்தான். அரை மணி நேரம் துடுப்புப் போட்டால் முன்னங்கை இறுகிவிடும், வலது தோளின் முன்பக்கம் குத்தும். ஒருநாள் கரையில் இருந்த நண்பர் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். என் உடம்பு விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. முழங்கை மட்டும் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தது. முதுகு, இடுப்பு, தொடை எதுவும் அசையவே இல்லை. உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் சும்மா இருக்க, சின்னத் தசைகளைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். நல்ல வீச்சில் பிளேடு, அதாவது துடுப்பின் அடியில் உள்ள தட்டையான பகுதி, தண்ணீரில் கிட்டத்தட்ட ஊன்றிய கம்பு மாதிரி நிற்கும். பலகைதான் அதை நோக்கி நகரும். பலகையை உங்கள் உடம்பில் தொட்டுக்கொண்டிருப்பது எது? பாதம் மட்டும்தான். படகில் என்றால் உட்காரும் இருக்கை இருக்கிறது, கால் ஊன்றக் கட்டை இருக்கிறது. இங்கே அதெல்லாம் கிடையாது. கையில் பிடித்த விசை தோள், முதுகு, வயிறு, இடுப்பு, தொடை வழியாக இறங்கிப் பாதத்துக்கு வந்தால்தான் பலகை போகும். நடுவில் ஓர் இடம் தொய்வாக இருந்தாலும் விசை அங்கேயே கரைந்துவிடும். தரைப் பயிற்சி என்று நான் சொல்வது இந்தக் கையிலிருந்து பாதம் வரையான சங்கிலியைப் பழக்குவதைத்தான்.

புஷ்-அப்பை நிறுத்த வேண்டாம். அது தள்ளும் தசைகளுக்கானது. துடுப்புக்கு அதிகம் வேண்டியது இழுக்கும் தசைகளும் நடு உடம்பும்.

இடுப்பில் மடங்கு என்கிறார்கள். குனிவதும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வித்தியாசத்துக்காக ஒரு மாதம் செலவழித்தாலும் தகும்.

ஒரு நீளக் குச்சியை முதுகோடு செங்குத்தாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால். குச்சி மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகெலும்பின் அடி முனை. முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துகிற மாதிரி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். மேலுடம்பு தானாக முன்னால் சாயும். மூன்று தொடுபுள்ளியும் விலகாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அதுதான் இன்றைய உங்கள் அளவு.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் விலகுவது அடி முனை. குச்சி அங்கே காற்றில் நின்றால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். பின்தொடையில் ஓர் இழுப்புத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கீழ் முதுகில் தெரிந்தால் தவறு. தினமும் காலையில் பத்துத் தடவை, அவசரமில்லாமல். எனக்கு ஆறு வாரம் ஆயிற்று, குச்சி இல்லாமலே அந்த மடிப்பு வருவதற்கு.

துடுப்பு வீச்சையே தரையில் பழக முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் துடுப்பை அப்படியே எடுத்துத் தரையில் பழகாதீர்கள்.

காரணம் இதுதான். துடுப்பு பொதுவாக உங்கள் உயரத்தைவிட 20 செ.மீ. போல நீளமாக இருக்கும். தண்ணீரில் பிளேடு முழுக்க மூழ்கும்போது அதன் நுனி உங்கள் பாதத்தைவிட ஏறக்குறைய அரை மீட்டர் கீழே போய்விடும். தரையில் அதற்கு இடமில்லை. பிளேடு தரையில் இடிக்கும், அதற்கு ஈடுகட்ட மேல் கையைத் தலைக்கு மேலே தூக்குவீர்கள், தோள் காதருகே ஏறிவிடும். பழகக் கூடாததைப் பழகியதாக ஆகிவிடும். அதனால் தோள் உயரத்துக்கு ஒரு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாப் குச்சி போதும்.

தரையில் ஒரு நேர்கோடு ஒட்டுங்கள், அது பலகையின் ஓரம். கோட்டுக்கு உள்ளே, பாதங்கள் இடுப்பகலம் விலகி, விரல்கள் முன்னால் பார்க்க நில்லுங்கள். வலது பக்க வீச்சு என்றால் இடது கை மேலே, வலது கை கீழே. கைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்கு, குச்சியைத் தலைமேல் வைத்துப் பாருங்கள், இரண்டு முழங்கையும் செங்கோணமாக மடங்கினால் சரி.

இப்போது நீட்டுவது. கையை நீட்டாதீர்கள், வலது தோளை முன்னால் அனுப்புங்கள். மார்பு இடது பக்கம் லேசாகத் திரும்பும். அதோடு இடுப்பில் மடங்கினால் குச்சியின் நுனி கால்விரல்களுக்கு வெகு முன்னால் போய்ச் சேரும். கீழ்க்கை கிட்டத்தட்ட நேராக இருக்கட்டும்.

அடுத்தது ஊன்றுவது. என் கருத்தில் வீச்சின் உயிரே இந்த இடம்தான். நுனி கோட்டுக்கு வெளியே தரையைத் தொட்ட பிறகு ஒரு கணம் நிறுத்துங்கள். பிளேடு முழுக்கத் தண்ணீருக்குள் போன பிறகுதான் இழுக்கத் தொடங்க வேண்டும். பாதி மூழ்கும்போதே இழுத்தால் காற்றும் தண்ணீரும் கலந்த நுரையைத்தான் இழுப்பீர்கள். இந்த ஒரு கண நிறுத்தம் தரையில் பழகியவருக்குத் தண்ணீரில் தானாக வரும். அந்தக் கணத்தில் முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்றாக, கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மேல் கை கோட்டுக்கு உள்ளேயே தங்கிவிட்டால் குச்சி சாய்ந்திருக்கும். சாய்ந்த துடுப்பு பலகையை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும், நீங்களும் நாலு வீச்சுக்கு ஒரு முறை கை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

பிறகு மேல் கை கீழே அழுத்த, மார்பு நேராகத் திரும்பி வர, இடுப்பு முன்னால் வந்து நிமிர வேண்டும். குச்சியின் நுனி பாதத்தை எட்டியதும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது தண்ணீரை மேலே அள்ளுவது. பலகையின் வால் அமுங்கும், வேகம் குறையும். கடைசியாக, குச்சியை முன்னால் கொண்டுவரும் அந்த ஒரு நொடியில் தோளையும் பிடியையும் தளர்த்துங்கள். 2,400 தடவை கிடைக்கும் ஓய்வு அது. யாரும் அதைப் பழகுவதில்லை.

பக்கவாட்டில் போனை நிறுத்தி வீடியோ எடுங்கள், முன்னாலிருந்தும் ஒன்று. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்தால் தலை திரும்பிவிடும், அசைவும் மாறிவிடும்.

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) கட்டிப் பழகலாமா?

அசைவு படிந்த பிறகு கட்டுங்கள். முன்னால், முழங்காலுக்குக் கீழான உயரத்தில் அசையாத ஒன்றில் பேண்டைக் கட்டி, மறுமுனையைக் குச்சியின் அடியில் சுற்றுங்கள். தண்ணீர் பிளேடைத் தடுக்கும் திசையும் அதுதான்.

ஒரு குறை உண்டு. ரப்பர் இழுக்க இழுக்கக் கடினமாகும். துடுப்பில் நேர்மாறு: விசை ஆரம்பத்தில், ஊன்றியவுடன் அதிகமாக இருக்க வேண்டும், பாதத்தை நெருங்கும்போது குறைய வேண்டும். கவனிக்காமல் விட்டால் பேண்ட் உங்களைக் கடைசியில் பலம் போடப் பழக்கிவிடும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று, தொடக்கத்திலேயே பேண்ட் இறுகி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் கேபிள் மெஷின் (கம்பிவடத்தால் பாரத்தை இழுக்கும் கருவி) கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, பாரம் முழுக்க ஒரே அளவாக இருக்கும்.

துடுப்பின் வளைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

பிளேடு தண்டிலிருந்து முன்பக்கம், அதாவது பலகையின் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கரண்டி மாதிரி தன் பக்கம் வளைவாகப் பிடித்து அள்ளத் தோன்றும். புதியவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். சரியாகப் பிடித்தால் வீச்சின் நடுவிலும் பிளேடு செங்குத்தாக நிற்கும்.

எந்தெந்த வலுப் பயிற்சிகள் செய்யலாம்?

நிறையச் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், 40 நிமிடம். நான் செய்வது இது.

முதலில் டெட்லிஃப்ட், 8 தடவை, 3 சுற்று. மேலே சொன்ன மடிப்பையே பாரத்தோடு செய்வதுதான் அது. கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) இருந்தால் போதும். அடுத்து ஒரு கையால் டம்பெல் இழுப்பு, பக்கத்துக்கு 10. இழுக்கும்போது முழங்கையை அல்ல, தோள்பட்டை எலும்பைப் பின்னால் கொண்டுபோவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுகின் பெரிய தசை வேலை செய்வது உடனே தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, பாலஃப் பிரஸ். பேண்டை மார்பு உயரத்தில் பக்கவாட்டில் கட்டி, இரண்டு கையாலும் மார்போடு பிடித்து, நேராக முன்னால் நீட்டி மூன்று நொடி நிறுத்த வேண்டும். பேண்ட் உங்களைத் திருப்பப் பார்க்கும், நீங்கள் திரும்பக் கூடாது. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் ஒரே பக்கம் துடுப்புப் போடும்போது உடம்பு முறுக்கிக்கொண்டு போகாமல் தடுப்பது இந்த வலுதான். பக்கத்துக்கு 10.

அப்புறம் சைடு பிளாங்க், அதாவது ஒருக்களித்து முன்னங்கையிலும் பாதத்திலும் உடம்பை நேராகத் தாங்குவது, 20 நொடியில் தொடங்கி 40 வரை. ஒற்றைக்கால் டெட்லிஃப்ட், பாரம் இல்லாமலே 8. ஒரு கையில் மட்டும் பாரம் தூக்கி, உடம்பு சாயாமல் 30 மீட்டர் நடை, அப்புறம் கை மாற்றி அதே தூரம்.

சிட்-அப்? நான் விட்டுவிட்டேன். பலகையில் வயிற்றுத் தசையின் வேலை மடக்குவதைவிட, உடம்பை அசையாமல் பிடிப்பது.

பேலன்ஸ் போர்டு வாங்கினால் சீக்கிரம் பழகிவிடலாமா?

உதவும். அதுவே எல்லாம் செய்துவிடாது. உருளையின் மேல் ஆடும் பலகை பக்கத்துக்குப் பக்கம் ஆடுவதை மட்டும் பழக்கும். தண்ணீரில் ஆட்டம் எல்லாத் திசையிலிருந்தும் வரும். அதை வாங்குவதற்கு முன் வெறுங்காலில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். பார்வை எதிரே ஒரு புள்ளியில் இருந்தால் கணுக்கால் அமைதியாக இருக்கும். கீழே பாதத்தைப் பாருங்கள், உடனே ஆடத் தொடங்கும். கண்ணை மூடினால் இன்னும் மோசம். பலகையில் நிற்கும்போது தொடுவானத்தைப் பார் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஒற்றைக்காலில் 30 நொடி நிற்க முடிந்தால், அந்த நிலையிலேயே கையில் குச்சியை வைத்து மெதுவாக வீச்சுப் போடுங்கள். ஆடும் பலகையில் ஏறி நின்று அதிகப் பாரம் மட்டும் தூக்காதீர்கள். அடி ஆடினால் தசையால் முழு விசையைத் தர முடியாது. வலுவும் ஏறாது, விழும் ஆபத்துதான் மிச்சம். வலுவை உறுதியான தரையில் வளருங்கள், சமநிலையைத் தனியாகப் பழகுங்கள்.

பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

கால்விரல்களால் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். பயத்தில் எல்லோருக்கும் வருவதுதான். தரையில் வெறுங்காலில் நின்று பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றிலும் எடை சமமாக இருக்கும்படி பழகுங்கள். விரல்கள் நீண்டு, தளர்ந்து இருக்கட்டும். குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை.

கணுக்கால் விறைப்பாக இருந்தாலும் பாதம் அதற்கு ஈடுகட்டும். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதே அசைவை நாளுக்கு இரண்டு நிமிடம் செய்யுங்கள். பலகையிலும் ஒரே நிலையில் உறைந்து நிற்காமல் அவ்வப்போது அரை அடி முன்னும் பின்னும் காலை மாற்றுங்கள்.

தோள் வலிக்கிறது. தோளுக்குப் பயிற்சி கூட்டலாமா?

வலிக்கும் தோளுக்குப் பாரம் கூட்டாதீர்கள். எனக்குத் தோள் குத்தத் தொடங்கியபோது ஒரு பயிற்சியாளர், தோளில் வலு போதவில்லை என்று தலைக்கு மேல் பாரம் தூக்கச் சொன்னார். நானும் மூன்று வாரம் செய்தேன். சட்டை மாட்டவே கை எழாத நிலைக்கு வந்தது. இதைச் சொல்லக் காரணம், இந்த விளையாட்டில் அதிகம் அடிபடும் இடமே தோள்தான். பெரும்பாலும் திடீர்க் காயமாக இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது.

மேல் கை தலைக்கு மேல் போகிறதா, தோள் காதருகே ஏறுகிறதா, துடுப்பு உங்களுக்கு அதிக நீளமா என்று முதலில் பாருங்கள். தோளைத் தாங்கும் சிறு தசைகளுக்கு மெல்லிய பேண்ட் போதும்: முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்னங்கையை வெளிப்பக்கமாகத் திருப்புவது 15 தடவை. பேண்டை முகத்தை நோக்கி இழுத்துத் தோள்பட்டைகளைச் சேர்ப்பது 15 தடவை. மேல் முதுகு திரும்பாவிட்டால் அந்தச் சுமையும் தோளுக்கே வரும். அதனால் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, மேல் கையை விரித்துப் பின்னால் கொண்டுபோகும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையில் மரத்துப்போவது என்றால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

கீழ் முதுகு வலி?

பெரும்பாலும் குனிந்து இழுப்பதால் வருவது. மேலே சொன்ன குச்சிப் பயிற்சிக்கே திரும்புங்கள். வலி காலுக்கு இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மூச்சு வாங்குகிறது. ஓடினால் சரியாகுமா?

ஓட்டம், சைக்கிள், நீச்சல் எதுவும் உதவும். துடுப்புக்கு நெருக்கமானது ரோயிங் மெஷின் (உட்கார்ந்து படகு வலிப்பது மாதிரி இழுக்கும் கருவி), காலும் முதுகும் சேர்ந்து உழைப்பதால். உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது இது. சர்வதேசப் போட்டிகளில் 200 மீட்டர் ஸ்பிரிண்ட்டும் உண்டு. ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு வரை சுமார் 52 கி.மீ. கடலைக் கடக்கும் பந்தயமும் உண்டு. ஏரியில் ஒரு மணி நேரம் போய்வர வேண்டும் என்பவருக்கு, வாரம் இரண்டு நாள் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் 40 நிமிடமும், ஒரு நாள் ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம் என்று 8 சுற்றும் போதும்.

விழுந்தால் திரும்ப ஏறுவதையும் தரையில் பழகலாமா?

கட்டாயம். களைத்த பிறகுதான் பெரும்பாலும் விழுவோம், அப்போது ஏற வலு இல்லாவிட்டால் ஆபத்து. தண்ணீரில் செய்ய வேண்டியது, பலகையின் நடுவே உள்ள கைப்பிடியைப் பிடித்து, காலை நீச்சல் மாதிரி உதைத்து உடம்பை மட்டமாக்கி, மார்பைப் பலகைமேல் சறுக்குவது. தரையில் குப்புறப் படுத்து, அங்கிருந்து மண்டியிட்டு, ஒவ்வொரு பாதமாக முழங்கால் இருந்த இடத்தில் வைத்து எழுங்கள். எழும்போது இடுப்பு முதலில் உயரட்டும், மார்பு பிறகு. நின்ற உடனே குச்சியால் ஒரு வீச்சு. பிளேடு தண்ணீரில் இருந்தால் அது மூன்றாவது கால் மாதிரி தாங்கும். 5 தடவை செய்தாலே மூச்சு வாங்கும்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செய்யலாமா?

செய்யலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பாரமில்லாமல் தொடங்குங்கள். ஒற்றைக்காலில் நிற்கும்போது சுவர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மண்டியிட்டபடியே துடுப்புப் போட்டாலும் அது துடுப்புதான்.

தண்ணீருக்குப் போகும் நாளில் வலுப் பயிற்சி வேண்டுமா?

வேண்டாம், அல்லது துடுப்பு முடிந்த பிறகு. களைத்த இடுப்போடு போனால் உடம்பு திரும்பவும் கையை நம்பத் தொடங்கும். ஒரு வலுப் பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நாள் விடுங்கள். கரையில் பலகையை இறக்குவதற்கு முன் குச்சி மடிப்பு பத்து, மேல் முதுகைத் திருப்புவது பத்து, தோளைச் சுழற்றுவது, ஐந்து நிமிடம்தான் ஆகும்.

தரையில் பழகவே முடியாதது எது?

காற்று. தரையில் எத்தனை மாதம் பழகியிருந்தாலும், நின்றுகொண்டிருக்கும் உங்கள் உடம்பு ஒரு பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும் என்பது தண்ணீரில்தான் தெரியும். அதனால் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். எதிர்க்காற்று வலுத்தால் மண்டியிடுங்கள், கீழ்க்கையைத் தண்டில் இன்னும் கீழே இறக்கிப் பிடியுங்கள். லைஃப் ஜாக்கெட்டும், உங்களையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிறும் எப்போதும் வேண்டும். ஓடும் ஆற்றில் மட்டும் லீஷைக் கணுக்காலில் கட்டாதீர்கள். கிளையிலோ பாறையிலோ சிக்கினால் நீரோட்டத்தின் விசையில் காலை எட்டி அவிழ்க்க முடியாது. இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழலும் வகைதான் அங்கே சரி. அந்த ஒரே இழுப்பைக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பழகிவிட்டு இறங்குங்கள்.